படித்ததும் படிக்காததும்

பலமனேர் மேட்டுநிலத்தில் அமைந்த ஊர். சித்தூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் சாலை, மொகிலி மலைப்பாதையில் ஏறி இவ்வூரை அடைகிறது. தெற்கே மலையிறங்கினால் தமிழ்நாட்டின் குடியாத்தம். மேற்கே சென்றால் கருநாடகத்தின் முல்பாகல். கடைத்தெருவில் தெலுங்கு பெருவழக்காக ஒலிக்கிறது. அதனிடையே தமிழும் கன்னடமும் உருதும் கேட்கின்றன.

இத்தகைய ஊரில் வளரும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் வீட்டில் தமிழ் பேசுகிறார்; தெருவில் தெலுங்கு பேசுகிறார்; பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்கிறார்; தமிழை விருப்பமொழியாகப் பயில்கிறார். “இந்த ஆண்டில் என்னென்ன நூல்களைப் படித்தாய்?” என்று உறவினர் ஒருவர் அவரைக் கேட்கிறார். இரண்டு மூன்று பெயர்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. பிறகு தயக்கம் எழுகிறது. “அவற்றுள் தமிழ் நூல்கள் எத்தனை?” என்று அடுத்த கேள்வி வந்தால் தயக்கம் மௌனமாக மாறிவிடுகிறது.

இந்த மௌனம் சோம்பலின் அடையாளம் அன்று. அவர் படித்திருக்கக்கூடும், படித்தது பதிவாகவில்லை. மாதந்தோறும் படித்த நூல்களைப் படத்துடன் ஓர் ஏட்டில் குறித்துவைக்கும் பழக்கம் இக்குறையைத் தீர்க்கும். இத்தகைய ஏட்டைப் பலர் பெருமைக்குரிய பட்டியலாக எண்ணுகின்றனர். எத்தனை நூல்கள் படித்தோம் என்று பிறருக்குக் காட்டுவதே அதன் நோக்கம் என்றும் கருதுகின்றனர். அக்கருத்து பொருந்தாது. படித்ததைக் காட்டுவது ஏட்டின் பாதிப் பயனே. படிக்காததை அதன் உரியவருக்கே காட்டுவதுதான் மீதிப் பாதி. அதுவே பெரும்பாதியும் ஆகும்.

கும்பகோணத்தில் எழுந்த கேள்வி

இக்கருத்தை விளக்கத் தமிழ் இலக்கிய வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றிருந்தார் உ.வே. சாமிநாதையர். அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. அந்நாளில் அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார்.

யாரிடம் பயின்றீர், என்னென்ன நூல்களைப் பயின்றீர் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் கற்றவற்றை வரிசையாகச் சொன்னார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள் என்று பட்டியல் நீண்டது. முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. அவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டார். புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொன்னபோதும் அவருக்கு நிறைவு உண்டாகவில்லை. அவற்றுக்கும் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பெயர்களை அவர் எடுத்துரைத்தார். சாமிநாதையர் அந்நூல்களைப் படித்ததில்லை. அவற்றின் ஏடுகளைக் கண்டதும் இல்லை.

அந்த உரையாடல் அவரை வருத்தியது. ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கினார். பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் தேடினார். ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. சாமிநாதையர் சொன்ன பட்டியல் சிறியதன்று. அது நீளமாகவும் தெளிவாகவும் இருந்தமையால்தான் அதில் இல்லாதது எது என்பதை முதலியாரால் சுட்டிக்காட்ட முடிந்தது. ‘ஏதோ சில நூல்கள் படித்திருக்கிறேன்’ என்று மட்டும் அவர் விடையளித்திருந்தால் உரையாடல் அத்துடன் முடிந்திருக்கும். படித்தவற்றை முறையாகச் சொல்லத் தெரிந்தவருக்கே படிக்க வேண்டியது எது என்பது புலப்படும்.

சாமிநாதையரின் நினைவாற்றல் அரியது. அத்தகைய நினைவாற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவேதான் ஏடு வேண்டும். இயற்கை அறிவியலறிஞர் சார்லஸ் டார்வினும் இத்தேவையை உணர்ந்திருந்தார். 1838 முதல் 1860 வரை அவர் தம் வாசிப்புக்கெனத் தனிக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். படித்து முடித்த நூல்களுக்கு ஒரு பட்டியலும், இனிப் படிக்க வேண்டிய நூல்களுக்கு மற்றொரு பட்டியலும் அவற்றில் இடம்பெற்றன. உலகம் போற்றும் ஆராய்ச்சியாளரே தமது நினைவை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது மாணவர் உள்ளத்தில் இருத்தத் தக்க செய்தியாகும்.

ஏட்டில் எழுத வேண்டியவை

ஏடு ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. கோடு போடாத வெள்ளைத்தாள் நோட்டு ஒன்று போதும். ஒரு மாதத்திற்கு எதிரெதிரான இரண்டு பக்கங்கள். ஆண்டுக்கு இருபத்துநான்கு பக்கங்கள். இடப்பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், மொழி, நூல் கிடைத்த இடம், தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகியவற்றைக் குறிக்கலாம். ஒவ்வொரு நூலைப் பற்றியும் இரண்டு தொடர்கள் எழுதினால் போதும். ‘நன்றாக இருந்தது’ என்னும் தொடரை மட்டும் தவிர்க்க வேண்டும். எல்லா நூல்களுக்கும் பொருந்தும் தொடர் எந்த நூலையும் நினைவூட்டாது. எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்தச் செய்தி புதியது, எந்த முடிவை ஏற்க இயலவில்லை என்று எழுதுவதே பயன் தரும்.

பாதியில் நிறுத்திய நூல்களையும் எழுத வேண்டும். அவற்றை மறைப்பது ஏட்டைப் பொய்யாக்கிவிடும். இருபதாம் பக்கத்தில் மூடிவைத்த நூல் ஒன்று, அடுத்த ஆண்டில் எளிதாகப் புரியலாம். நிறுத்திய காரணத்தைக் குறித்துவைத்தால், மீண்டும் எடுக்கும்போது தம் வளர்ச்சியை மாணவர் தாமே அளந்துகொள்வார்.

வலப்பக்கம் படத்திற்கு உரியது. அம்மாதம் படித்தவற்றுள் உள்ளத்தில் தங்கிய காட்சி ஒன்றையோ, நூலுக்கு ஒன்றாகச் சிறு படங்களையோ வரையலாம். ஒரு விதி மட்டும் போதும்: மேலட்டையைப் பார்த்து வரையாமல், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து வரைய வேண்டும்.

படம் எதற்கு?

எழுத்து இருக்கும்போது படம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். படம் அழகுக்காக மட்டும் அன்று. கதையில் வரும் வீட்டை வரைய முற்படும் மாணவர், அந்த வீட்டிற்குத் திண்ணை இருந்ததா, கிணறு எப்பக்கம் இருந்தது, கதைமாந்தர் எங்கே அமர்ந்திருந்தார் என்று எண்ணத் தொடங்குகிறார். விடை தெரியாதபோது மீண்டும் நூலைத் திறக்கிறார். நூலின் சுருக்கத்தைப் பிறரிடமிருந்து பார்த்து எழுதிவிடலாம். உள்ளத்தில் தோன்றாத காட்சியை நினைவிலிருந்து வரைய இயலாது. ஆகவே படமே வாசிப்பின் உண்மையான சான்றாகிறது.

நூலையும் படத்தையும் இணைத்துப் போற்றும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஓவியர் மணியம் அதற்குப் படங்கள் வரைந்தார். வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, தைத்து அட்டையிட்டுப் பாதுகாத்த வீடுகள் பல. அத்தகைய தொகுப்புகளைத் திறப்போருக்குக் கதையோடு மணியத்தின் படங்களும் சேர்ந்தே நினைவுக்கு வரும். வீட்டிலேயே தைத்த அத்தொகுப்புகளை ஒரு குடும்பத்தின் வாசிப்பு ஏடுகள் எனலாம்.

பலமனேர் போன்ற ஊருக்கு இன்னும் நெருக்கமான சான்று அம்புலிமாமா. 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவ்விதழ் தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் வெளிவரத் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் தெலுங்குக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒருங்கே கண்டு மகிழ்ந்தனர். எழுத்து வேறு, படம் ஒன்று. ஒரே தெருவில் வாழ்ந்த இரு மொழிக் குழந்தைகள் ஒரே படத்தைக் காட்டித் தத்தம் மொழியில் கதை சொல்லிக்கொள்ள அது வழிசெய்தது.

இன்றைய மாணவரின் ஏட்டிலும் இது நிகழக்கூடும். தமிழ் எழுத்தறியாத தெலுங்குத் தோழர் அந்த ஏட்டைப் புரட்டும்போது இடப்பக்கத்தை அவரால் படிக்க இயலாது. வலப்பக்கத்தைக் கண்டு ‘இது என்ன கதை?’ என்று கேட்பார். கேள்வி பிறந்த இடத்தில் உரையாடல் பிறக்கும். எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத பாட்டியும் பேரக்குழந்தையின் படத்தைப் பார்த்துத் தாம் அறிந்த கதையைச் சொல்லத் தொடங்கலாம்.

படம் நூலை வாழ்விடத்தோடும் இணைக்கிறது. பலமனேரை ஒட்டிக் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் அமைந்துள்ளது. அது யானைகள் வாழும் காடு. காட்டைவிட்டு வரும் யானைகள் பயிரை மிதிப்பதும் உழவர் இரவெல்லாம் காவலிருப்பதும் இப்பகுதியினர் அறிந்தவை. கதை நூலில் வரும் யானை பெரும்பாலும் நட்புடன் பழகுகிறது. அதைப் படித்த பலமனேர் மாணவர் யானையை வரையும்போது, அருகில் கரும்புத் தோட்டத்தையும் காவற்பரணையும் சேர்த்து வரையலாம். அப்போது நூல் சொன்னதும் ஊர் சொன்னதும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே நிற்கும். நூலாசிரியர் அறியாத ஒன்றைத் தாம் அறிந்திருப்பதை மாணவர் உணர்வார். நூலை மதிப்பதும் நூலைக் கேள்வி கேட்பதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர் கற்றுக்கொள்வார்.

பலமனேர்ப் பகுதி சுடுமண் பொம்மைகளுக்கும் பெயர்பெற்றது. ஈரமண் கைக்குள் உருவம் பெற்றுச் சூளையில் வெந்து உறுதியடைகிறது. படித்த செய்தியும் அவ்வாறே. கண்வழியே உள்ளே சென்றது கைவழியே வெளிவரும்போதுதான் உருவம் பெற்று நிலைக்கிறது.

எல்லைப்புற ஊரில் ஏட்டின் தேவை

இத்தகைய ஏடு எவ்வூர் மாணவருக்கும் நன்மை தரும். எல்லைப்புறத்தில் தமிழ் பயிலும் மாணவருக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. பின்னர் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1960இல் எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி முதலிய பகுதிகள் மீண்டும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. பலமனேர் ஆந்திரத்திலேயே நிலைபெற்றது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுமொழி மாறுவதில்லை. ஆயினும் கடைப்பலகை, அரசு அறிவிப்பு, நூலகத்தின் பெரும்பாலான நூல்கள் ஆகியவை மாநில மொழியில் அமைவதே இயல்பு. இதில் எவர் குற்றமும் இல்லை. தெலுங்கை நன்கு கற்பது அம்மாணவருக்கு நலமும் கடமையும் ஆகும். ஆனால், தானாகக் கண்ணில் படாத தமிழைத் தேடிச்சென்றுதான் படிக்க வேண்டியுள்ளது.

பேச்சுமொழி எளிதில் மறைவதில்லை. எழுத்துமொழி ஓசையின்றி மறையும். வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசும் ஒருவர், ஓராண்டில் ஒரு தமிழ் நூலையும் திறக்காமல் இருக்கக்கூடும். அது அவருக்கே தெரியாமல் போகலாம். ஏடு இருந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வண்ணம் என்று வகுத்துக்கொள்ளலாம்: தமிழுக்குச் சிவப்பு, தெலுங்கிற்குப் பச்சை, ஆங்கிலத்திற்கு நீலம், இந்திக்கு மஞ்சள். நூற்பெயரின் அருகே அவ்வண்ணத்தில் ஒரு புள்ளி இட்டால் போதும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என மூன்று மாதங்கள் சிவப்புப் புள்ளியே இல்லாமல் கடந்திருந்தால், அதை எடுத்துச் சொல்ல ஆசிரியரோ பெற்றோரோ தேவையில்லை. பக்கமே சொல்லிவிடும். கும்பகோணத்தில் முதலியார் கேட்ட கேள்வியை இங்கே ஏடு கேட்கிறது.

மொழி மட்டுமன்று. கதை நூல்களே நிறைந்த ஏட்டில் அறிவியல் இல்லாமை தெரியும். ஆண்கள் எழுதிய நூல்களே நிறைந்திருந்தால் பெண் எழுத்தாளர் எங்கே என்ற கேள்வி எழும். வீட்டில் இருந்த நூல்களையே திரும்பத் திரும்பப் படித்திருந்தால், நூலகத்திற்குச் செல்லாத மாதங்கள் தெரியும். நூலக அறிவியலின் முன்னோடி சீ.இரா. அரங்கநாதன் 1931இல் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். தமக்குரிய நூல் எது என்பதை நூலகருக்குச் சொல்ல வேண்டியவர் வாசகரே. தம் ஏட்டை எடுத்துச்செல்லும் மாணவருக்கு அடுத்த நூலைத் தேர்ந்துதருவது நூலகருக்கும் எளிது.

எழக்கூடிய மறுப்புகள்

இப்பழக்கத்திற்கு எதிராகச் சில கருத்துகள் கூறப்படுவதுண்டு. அவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல.

முதலாவது, ஏடு போட்டியாக மாறிவிடும் என்பது. ஒருவர் பத்து நூல்கள் எழுதினால் மற்றவர் பதினைந்து எழுத விரும்புவார். எண்ணிக்கையைப் பெருக்க மெல்லிய நூல்களையே தேடுவார். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஏட்டிற்கு மதிப்பெண் வழங்குதல் கூடாது. மதிப்பெண் வந்தவுடன் ஏடு ஆசிரியருக்காக எழுதப்படும். பாதியில் நிறுத்திய நூல்கள் மறைக்கப்படும். படங்கள் மேலட்டையைப் பார்த்து வரையப்படும். ஆசிரியர் மாதத்திற்கு ஒருமுறை ஏட்டைப் பற்றி மாணவருடன் பேசலாம். தாம் படித்த நூலைக் குறித்தும் சொல்லலாம். திருத்தும் சிவப்பு மை மட்டும் அதில் படலாகாது.

இரண்டாவது, ஓவியம் வரைய வராதவர்கள் என்ன செய்வர் என்பது. இங்கு வேண்டுவது ஓவியத்திறன் அன்று. காட்சியை எண்ணிப்பார்க்கும் முயற்சியே. குச்சி குச்சியாக வரைந்த மனிதரும் போதும். பயணநூலுக்கு வரைபடம், அறிவியல் நூலுக்குக் கருவியின் உறுப்புகள், வாழ்க்கை வரலாற்றுக்கு ஆண்டுக்கோடு ஆகியனவும் படங்களே.

மூன்றாவது, கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்பது. கைப்பேசி நூலின் மேலட்டையை நொடியில் பதிவுசெய்யும்; படிக்காத நூலின் மேலட்டையையும் அவ்வாறே பதிவுசெய்யும். கையால் வரையும் அரைமணி நேரம் நூலை மீண்டும் எண்ணிப்பார்க்கும் அரைமணி நேரம் ஆகும். அந்நேரத்தைச் சேமிப்பது சேமிப்பாகாது.

நான்காவது, பாடச்சுமை மிகுந்த காலத்தில் இது மற்றுமொரு சுமை என்பது. நாள்தோறும் எழுத வேண்டுமெனில் அது சுமையே. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் ஒதுக்குவது பெரும்பாலானோர்க்கு இயலும். நூலே படிக்காத மாதம் வருமாயின், பக்கத்தை வெறுமையாக விட்டு, தேர்வு, காய்ச்சல், திருவிழா என்று காரணத்தை மட்டும் எழுதினால் போதும். வெறும் பக்கமும் அந்த ஆண்டின் உண்மையே. அதைக் கிழித்தெறிதல் கூடாது.

ஆண்டின் முடிவில்

பன்னிரண்டு மாதங்கள் முடிந்தபின் ஏட்டை முதலிலிருந்து புரட்டினால் ஒரு மாணவரின் ஓராண்டு தெரியும். தொடக்கத்தில் இரண்டு தொடர்கள் எழுதத் தயங்கிய கை, இறுதியில் அரைப்பக்கம் எழுதியிருக்கலாம். எழுத்துப்பிழைகள் குறைந்திருக்கலாம். விரும்பிய நூல்களின் வகை மாறியிருக்கலாம். அத்துடன் ஏடு நிறைவடையவில்லை. டார்வினைப்போல் கடைசிப் பக்கத்தில் ‘இனிப் படிக்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, இவ்வாண்டு விடுபட்டவற்றை எழுத வேண்டும். அப்பட்டியலுடன் அடுத்த ஆண்டின் ஏடு தொடங்கும்.

சாமிநாதையருக்கு ஒரு முதலியார் வாய்த்தார். படித்தது என்ன என்று கேட்டு, படிக்காததைச் சுட்டிக்காட்டும் அத்தகையவர் எல்லார் வாழ்விலும் வருவார் என்று காத்திருக்க இயலாது. பலமனேரில் ஒரு வீட்டின் மேசைமேல் இருக்கும் எளிய நோட்டு, மாதந்தோறும் அக்கேள்வியைக் கேட்கும். விடையளிக்க வேண்டியவர் அந்த வீட்டு மாணவரே.

சிந்தித்து எழுதுக

1. சேலம் இராமசுவாமி முதலியாரின் கேள்வி உ.வே. சாமிநாதையரின் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றம் யாது?
2. வாசிப்பு ஏட்டிற்கு மதிப்பெண் வழங்குதல் கூடாது என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தருக.
3. சென்ற மாதம் படித்த நூல்களுக்கு மொழிவாரியாக வண்ணப் புள்ளி இடுக. எந்த வண்ணம் குறைவாக உள்ளது?